சாம்பிளுக்கு ஒரு ஊசி

1

இங்கே ஐப்பசி பிறந்தால் தீபாவளிக்கு முன்னால் ஊசி வந்துவிடும். ஜெர்மனியில் நான் வேலை பார்ப்பது ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில். வயதானவர்களுக்குச் சூப் ஊற்றுகிற கை என்பதால், ஃப்ளூ என்கிற குளிர்காலக் காய்ச்சலுக்கான தடுப்பூசியை வருஷம் தவறாமல் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். கட்டாயம் என்று எங்கும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் போடாதவளை எங்கள் மேலாளர் அம்மா பார்க்கிற பார்வைக்கு ஊசியே தேவலை.

போன வாரம் போட்டுக்கொண்டேன். ஊசி போட வந்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். பஞ்சால் தோளைத் துடைத்துக்கொண்டே, "உங்கள் குடும்பத்தில் எல்லோரும் போட்டுக்கொண்டார்களா?" என்று சும்மா பேச்சுக்குக் கேட்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் ஊசிக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்து, பாவம், பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்துக் கொடுத்தாள். ஐம்பத்து மூன்று வயதில் மிட்டாயைச் சப்பிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றேன்.

அடுத்த மாதம் என் அண்ணன் செல்வராசுக்கு வருஷத் திதி. அண்ணனும் இந்த ஊசியைப் போட்டுக்கொண்டவர்தான். போட்டுக்கொண்ட வருஷமே இந்தக் காய்ச்சல் வந்துதான் செத்தார். அவர் போனது போகட்டும் என்று சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் போய்விட்டார். இப்போது எனக்குக் கவலையெல்லாம் நங்கையின் நிலைமைதான். எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்போம். மரகதம் நங்கைக்குப் பத்து வருஷமாக வீசிங் தொந்தரவு. மழைக்காலம் முழுசாகப் பிடிப்பதற்குள் இந்த ஊசியைப் போட்டே ஆகவேண்டும் என்று கோயமுத்தூர் டாக்டர் சொல்லிவிட்டார். நங்கை மாட்டேன் என்கிறார். ஊரில் இருந்து இதைப் படிக்கிற நீங்களாவது அந்த மாட்டேனுக்கு ஒரு பதில் கண்டுபிடித்துத் தருவீர்களா என்ற நப்பாசையில்தான் இதை எழுதுகிறேன்.

2

நான் வந்த புதிதில் ஒரு கூத்து நடந்தது. மூக்கு ஒழுகியது, உடம்பு கணகணவென்று இருந்தது. ஒரு வாரம் மாரடித்து டாக்டரிடம் நேரம் வாங்கி, காப்பீட்டு அட்டையை நீட்டி, எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் "எனக்கு ஃப்ளூ" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஃப்ளூ வந்திருந்தால் நீங்கள் என் எதிரே இப்படி நின்றுகொண்டிருக்க மாட்டீர்கள். இது வெறும் சளி" என்று இரண்டு தனித்தனிச் சொற்களை எழுதிக் காட்டினார்.

நமக்கு எல்லாமே சளிக்காய்ச்சல்தான். மூன்று நாள் மூக்கு ஒழுகினாலும் அதுதான், ஆளையே சாய்த்து ஐசியுவில் போட்டாலும் அதுதான். அதனால்தான் நம் ஊரில் இந்த ஊசிக்கு நல்ல பெயரே கிடைப்பதில்லை. போட்டுக்கொண்டவன் அடுத்த மாதம் நாலு தும்மல் தும்மினால் போதும், "ஊசி போட்டும் கேக்கலை" என்று தெருவுக்கே தெரிந்துவிடும். அது வேறு சளி, ஊசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று யாரிடம் போய் விளக்குவது?

விளக்கினாலும் முழுசாக விளக்க முடியாது என்பதுதான் வேதனை. ஏனென்றால் ஃப்ளூவுக்கே இந்த ஊசி முழுக் காவல் இல்லை. நல்ல வருஷத்தில் பாதிக்குப் பாதி காப்பாற்றும். சில வருஷம் அதுவும் இல்லை. வயதானவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் இன்னும் குறையலாம். வந்தாலும் கடுமையாக வராமல் பார்த்துக்கொள்ளும் என்பார்கள், பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. நான் வேலை பார்க்கிற இல்லத்தில் எல்லோரும் போட்டுக்கொள்கிறார்கள். ஆனாலும் சில குளிர்காலத்தில் சாப்பாட்டு அறையில் ஒன்றிரண்டு நாற்காலி காலியாகும். அடுத்த ஐப்பசியில் மிச்சமிருப்பவர்கள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு மறுபடியும் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அதை நான் அறிவு என்று சொல்லமாட்டேன். பாதியோடு வாழ்ந்து பழகிவிட்டார்கள், அவ்வளவுதான்.

3

அண்ணன் பாதிக்குப் பழகியவர் இல்லை. பதினெட்டு வயதில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றவர். டியூப் லைட்டுக்குக் கீழே பீஸை விரித்து, ஓட்டை, எண்ணெய்க்கறை, விட்டுப்போன தையல் எங்கே இருந்தாலும் கண்டுபிடித்துச் சின்னதாக ஒரு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுகிற வேலை. அப்படியே மேலே வந்து, அவிநாசியிலிருந்து சேவூர் போகிற வழியில் சொந்தமாக ஒரு கம்பெனி போட்டார். பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகளின் ஆர்டரைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க். நாற்பது பேர் வேலை. பாதிப் பேர் தென்மாவட்டத்துக்காரர்கள், கொஞ்சம் பேர் பீகார், ஒடிசாப் பையன்கள். முதலாளி ஆன பிறகும் கண் மட்டும் செக்கிங் டேபிளிலேயே இருந்தது. என் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு மாப்பிள்ளை சட்டையில் பொத்தான் காஜா கோணல் என்று சொன்ன மனிதர்.

அவருக்குச் சர்க்கரை. நாற்பது வருஷம் பஞ்சுத் தூசியைச் சுவாசித்த நெஞ்சு வேறு. அதனால் நாலைந்து வருஷமாக ஞாயிற்றுக்கிழமை போன் என்றாலே எங்களுக்குள் இந்த ஊசிப் பேச்சுதான்.

"சரி அம்மிணி, போட்டா காய்ச்சல் வராதுல்ல?" என்றார் முதல் தடவை.

"வராதுன்னு சொல்ல முடியாதுங்கண்ணா. பாதிக்குப் பாதி காப்பாத்தும்."

"பாதியா? பாதி பீஸ் டேமேஜ்னு தெரிஞ்ச லாட்டுக்கு எவனாச்சும் பாஸ் போடுவானா? என்ற கம்பெனில நூத்துக்கு நாலு பீஸ் போச்சுன்னாலே சரக்கு எடுக்கற பையர் மூஞ்சிய சுளிக்கறான். நீ என்னடான்னா பாதிச் சரக்கத் தூக்கிக்கிட்டு வந்து ஊசிங்கற."

"பாதி மருந்து கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்லீங்கண்ணா. ஹெல்மெட் போட்டுட்டுத்தானே சேவூர் ரோட்டுல போறீங்க? ஹெல்மெட் போட்டவங்க யாருமே சாகறதில்லையா?"

"அது போலீஸுக்காகப் போடறது அம்மிணி" என்று சிரித்துவிட்டு, பேச்சை என் மகள் பக்கம் திருப்பிவிடுவார்.

அவர் முரடர் இல்லை. சரக்கைத் தட்டிப் பார்த்து வாங்குகிற ஊர்க்காரர். எனக்கும் கோபம் வரும். "செத்துத் தொலைங்க" என்று வாய்வரைக்கும் வரும், விழுங்கிக்கொள்வேன்.

4

போன வருஷம் ஆடியில் ஊருக்குப் போயிருந்தேன். கம்பெனியில் அண்ணன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பச்சை நிற டிசர்ட். அடுத்த கோடைக்கு ஐரோப்பாவில் இந்தப் பச்சைதான் ஓடும் என்று பையர் முன்கூட்டியே கணித்துச் சொல்ல, இவர்கள் சாயம் போட்டு, தைத்து முடித்த பிறகு, அந்தக் கலர் வேண்டாம் என்று மீதி ஆர்டரை நிறுத்திவிட்டார்களாம். கட்டுக் கட்டாகப் பச்சை மூலையில் கிடந்தது.

சட்டென்று எனக்கு ஒரு யோசனை வந்தது. "அண்ணா, அந்த ஊசியும் இதே கதைதானுங்க" என்றேன். அடுத்த குளிர்காலத்தில் எந்த வகைக் கிருமி சுற்றும் என்று பல மாதம் முன்னாலேயே உலகத்துப் பெரிய டாக்டர்கள் கூடி உட்கார்ந்து கணிக்கிறார்கள். அதற்கப்புறம்தான் ஊசி தயாராகும். அதற்குள் கிருமி சட்டையை மாற்றிக்கொண்டால் ஊசி அவ்வளவாகப் பிடிக்காது. கணிப்பு சரியாக இருந்தால் நன்றாகப் பிடிக்கும். அதனால்தான் வருஷா வருஷம் புதிதாகப் போடவேண்டியிருக்கிறது.

அண்ணன் பச்சைக் கட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அட, சீசன் கலரா?" என்றார். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமல்ல? நானு அவங்க பாதி ஓட்டையோட தெச்சு அனுப்பறாங்கன்னு நெனச்சுட்டு இருந்தேன். அவங்களும் நம்மள மாதிரிதான், குத்துமதிப்பாப் போட்டுட்டுச் சாமியக் கும்புட்டுட்டு உக்காந்திருக்கறாங்க."

நாலைந்து வருஷமாக நான் படித்துப் படித்துச் சொன்னது ஏறவில்லை, விற்காத பச்சை டிசர்ட்டு ஏற்றிவிட்டது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அப்போதே நங்கையையும் கூட்டிக்கொண்டு போய்ப் போட்டுவிடலாம் என்றேன். மழைக்கு முன்னால் புது ஊசி வரட்டும் என்றார் அண்ணன். அதோடு நிறுத்தவில்லை.

"எல்லாருக்கும் ஒரேயடியா வேண்டாம் அம்மிணி. மொதல்ல சாம்பிள் ஒண்ணு போடலாம். சாம்பிள் நான். இந்த மழை, இந்தப் பனி எனக்குக் காய்ச்சல் வராமத் தாண்டுச்சுன்னா, அடுத்த வருஷம் உன்ற நங்கைக்கு, கம்பெனில நாப்பது பேருக்கு, எல்லாத்துக்கும் நானே செலவு பண்ணிப் போட்டு உடறேன். சாம்பிள் ஓகே ஆகாம பல்க்குல கை வெச்சுப் பழக்கமில்ல எனக்கு."

திருப்பூரில் பிறந்தவர்களுக்கு இது புரியும். ஒரு பீஸ் தைத்து அனுப்புவார்கள். பையர் அதை அளந்து, துவைத்து, இழுத்துப் பார்த்து ஓகே சொன்னால்தான் மீதி ஆயிரக்கணக்கில் ஓடும். அந்த ஒன்று தேறாவிட்டால் மொத்தமும் நிற்கும். அண்ணனின் வாழ்க்கையே அந்த ஒற்றைப் பீஸின் மேல் நடந்தது. மனித உடம்பு அப்படி இல்லீங்கண்ணா, ஒருத்தருக்கு வந்தது, வராதது எதையும் காட்டாது என்றேன். "நீ படிச்சது நீ சொல்ற, நான் பொழச்சது நான் சொல்றேன்" என்று முடித்துவிட்டார்.

புரட்டாசிக் கடைசியில் போட்டுக்கொண்டார். போட்டுக்கொண்டு நேராகக் கம்பெனிக்குப் போய், தோளைக் காட்டி, "பாத்துக்கங்கடா, சாம்பிள் போயாச்சு" என்று எல்லோரிடமும் சொன்னாராம். செக்கிங்கில் வேலை செய்கிற எஸ்தர் அக்கா அந்த இடத்தில் ஒரு அம்பு ஸ்டிக்கரை ஒட்டிவிட, கம்பெனியே சிரித்ததாம். எனக்குப் போனில் சொல்லும்போதும் சிரித்தார்.

5

கார்த்திகை முதல் வாரம் காய்ச்சல். மூன்றாம் நாள் மூச்சு வாங்கியது. கோயமுத்தூரில் சோதனை செய்து, ஃப்ளூதான், நெஞ்சில் இறங்கிவிட்டது என்றார்கள். பிறகு ஐசியு, பிறகு குழாய்.

இங்கே நான் விடுப்புக்கு அலைந்துகொண்டிருந்தேன். அப்பா, அம்மா, புருஷன், பிள்ளை என்றால் ஒரு விதி. அண்ணன் என்றால் அந்த விதியில் இல்லை. சொந்த விடுப்பைக் கழித்துக்கொள், அதற்கும் மாற்று ஆள் கிடைக்கட்டும் என்றார் மேலாளர் அம்மா. அண்ணன் என்றால் எங்கள் ஊரில் யார் என்பதை எடுத்துச் சொல்ல என் ஜெர்மன் போதவில்லை. இருபது வருஷம் பேசிய மொழி, தேவைப்பட்ட அன்றைக்குக் கையை விரித்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து வாசலில் செருப்புகள் மட்டும் கிடந்தன.

கோயமுத்தூர் டாக்டரை நானே போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர். "ஊசி போட்டதனால எதுவும் ஆகலைங்க. போட்டும் அவருக்குப் பிடிக்கலை. சிலருக்கு அப்படி ஆயிருது. சர்க்கரை, நுரையீரல் எல்லாம் சேர்ந்துக்கிச்சு" என்றார். "போட்டதுக்கு அப்புறமும் இப்படின்னா..." என்று நான் இழுத்தேன். "அவருக்குப் பிடிக்காமப் போனதுனால மத்தவங்களுக்குப் பிடிக்காதுன்னு இல்லைங்க. உங்க அண்ணிக்கு அவசியம் போடுங்க" என்றார்.

நான் அண்ணனுக்குச் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். தப்பு செய்திருந்தால் நங்கையின் காலில் விழுந்திருக்கலாம். சரியானதைச் சொல்லி ஆள் போய்விட்டால் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

6

கம்பெனியை இப்போது நங்கைதான் பார்த்துக்கொள்கிறார். அப்போது ஜெர்மனிக்குக் கிளம்புவதற்கு முன்னால் அங்கே போனேன். எல்லோருக்கும் ஊசி போட்டுவிடலாம், அண்ணன் ஆசைப்பட்டதுதானே, செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஆரம்பித்தேன். யாரும் நிமிரவில்லை. எஸ்தர் அக்காதான் கையிலிருந்த பீஸை வைத்துவிட்டுப் பேசினார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், மனதில் பட்டதை மறைக்கத் தெரியாதவர்.

"கோவிச்சுக்கிடாதிய. மொதலாளி சொல்லிட்டுத்தானே போட்டாவ, சாம்பிள்னு. சாம்பிள் தேறலியே. அவியளுக்கே கேக்கல, எங்களுக்கு எங்கன கேக்கும்? ஆண்டவர் விட்ட வழின்னு இருந்துக்கிடுதோம்."

நான் எதைச் சொல்ல? ஒரு சாம்பிளை வைத்து முடிவு செய்யக்கூடாது என்றா? அந்த ஊரில், அந்தக் கம்பெனியில், அந்த டேபிளுக்கு முன்னால் நின்றுகொண்டு? அதுவும் அந்தச் சாம்பிள் என் கூடப்பிறந்தவன்.

திரும்பி வந்து மகள் கீர்த்தனாவிடம் புலம்பினேன். அவள் வேறு ஊரில் உயிரியல் படிக்கிறாள், மாதத்துக்கு ஒருமுறை துணி துவைக்க வீட்டுக்கு வருவாள். காது குத்தும்போது அண்ணன் மடியில் உட்கார்ந்து அவர் வேட்டியை நனைத்தவள். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஜெர்மனில் சொன்னாள், "அது தனி ஒரு சம்பவம், அம்மா. ஒரு ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது."

அவள் சொன்னது முழுக்க சரி. அண்ணனிடம் நான் சொன்னதும் அதேதான். ஆனால் அவள் வாயிலிருந்து கேட்டபோது ஓங்கி அறையலாம் போல இருந்தது. "உன் மாமன்டி அது" என்று கத்தினேன். அவளும் அழுதாள். ஆனால் தமிழில் ஆறுதல் சொல்ல அவளுக்கு வார்த்தை வரவில்லை, வாஷிங் மெஷினிலிருந்து துணியை எடுக்கப் போய்விட்டாள்.

7

நேற்று ஞாயிற்றுக்கிழமை. நங்கைதான் கூப்பிட்டார். திதிக்கு யார் யாரைச் சொல்லியிருக்கிறார், எத்தனை இலை போடவேண்டியிருக்கும் என்றெல்லாம் விவரம் சொன்னார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. அவிநாசியில் நாலு நாளாக மழையாம். பக்கத்து வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சலாம்.

நான் தயாராகத்தான் இருந்தேன். பாதிக் கணக்கு, பச்சை டிசர்ட்டு, டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் வரிசையாக வைத்திருந்தேன். "நங்கை, அண்ணனுக்குக் கேக்கலைன்னா உங்களுக்கும் கேக்காதுன்னு இல்லீங்க. நல்லாவே கேக்கலாமுங்க. தயவு பண்ணிப் போட்டுக்கங்க. உங்களையும் விட்டுட்டு எனக்கு அந்த ஊருல யாருங்க இருக்கறாங்க?" என்றேன். கடைசியில் அழுதேவிட்டேன்.

நங்கை மூச்சை இழுத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அழுவாதீங் அம்மிணி. நான் அது கேக்காதுன்னு பயந்துட்டு இருக்கறேன்னு எல்லாரும் நெனச்சுக்கிட்டீங்க. அது இல்லீங்க. எனக்கு அது கேட்டுப்போச்சுன்னா என்ன பண்றது? நான் போட்டுக்கறேன், இந்த மழையுந் தாண்டி, அடுத்த மழையுந் தாண்டி, கல்லாட்ட இருக்கறேன்னு வெய்ங்க. அப்பறம், எனக்குக் கேட்ட ஊசி அவருக்கு மட்டும் ஏன் கேக்காமப் போச்சுன்னு நான் எந்தச் சாமிகிட்டப் போயி ஞாயம் பேசறது? ஊசியே சரியில்லைன்னு சொல்லிக்கிட்டு ரெண்டு வாய் சோறு திங்கறனுங்க. அதையும் புடுங்கிறாதீங்."

நான் வரிசையாக வைத்திருந்த எதுவும் இதற்குப் பதில் இல்லை. டாக்டரிடம் இருக்காது, கீர்த்தனாவின் புத்தகத்தில் இருக்காது. உங்களில் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், மழை விடுவதற்குள் சொல்லுங்கள்.

போனை வைப்பதற்கு முன்னால் நங்கை கேட்டார், "அங்க குளிரு அதிகமாச்சுங்களே. போன வருசம் நீங்களும் போட்டுக்கிட்டீங்கல்ல, உங்களுக்கு எப்புடி இருந்துச்சுங்க? கேட்டுச்சுங்களா?"

அண்ணன் போட்ட அதே பருவத்தில்தான் நானும் போட்டுக்கொண்டேன். போன குளிர்காலம் முழுக்க, சமையலறையில் என்னோடு நிற்கிறவர்கள் ஒவ்வொருவராக விழுந்தபோதும், எனக்கு ஒரு நாள்கூட உடம்பு சுடவில்லை.

"எங்கீங் நங்கை கேட்டுச்சு, பத்து நாளுப் படுத்த படுக்கை" என்றேன்.

"பாத்தீங்களா" என்றார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் குரல் அப்போதுதான் கொஞ்சம் தெளிந்திருந்தது.